கோடை முடியும் நேரத்தில் பூக்கும் டெய்சிகள்

ஜூன் மாதத்து ரோஜாவும் டெல்ஃபினியமும் ஆடி ஓய்ந்த பிறகு வெயில் பாத்தியில் ஒரு வெறுமை வரும். இலை இருக்கும், பூ இருக்காது. அந்த இடத்தை நிரப்பப் பிறந்தவை டெய்சி வகைப் பல்லாண்டுச் செடிகள்: ரட்பெக்கியா, ஹெலேனியம், எக்கினேசியா, ஹீலியாப்சிஸ், பல்லாண்டுச் சூரியகாந்தி, எல்லாவற்றுக்கும் கடைசியாக ஆஸ்டர். குளிர்காலம் உள்ள ஊர்களில் ஜூலை நடுவில் தொடங்கி முதல் உறைபனிவரை இவற்றின் ராஜ்ஜியம்தான். (தென்கோளத்தில் இருப்பவர்கள் இங்கே சொல்லும் மாதங்களோடு ஆறு கூட்டிக்கொள்ளுங்கள்.)

இவற்றை வளர்ப்பது சுலபம் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி உண்மை. ஆகஸ்டில் செடி சாய்ந்து கிடக்கிறது, இலை வெளுத்திருக்கிறது, பூ நாலே நாலுதான் என்றால் அந்த மாதத்தில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. காரணம் ஏப்ரலிலோ மே மாதத்திலோ இருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பூவைவிட வசந்தகாலத்து வேலைதான் அதிகம் வரும்.

முதலில் பூவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடலாம். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூங்கொத்து. சுற்றியுள்ள இதழ் ஒவ்வொன்றும் தனிப் பூ. நடுவில் இருக்கும் பொத்தானில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன. அவை வெளிவிளிம்பிலிருந்து உள்ளே வட்டம் வட்டமாக மலரும். ஹெலேனியத்தில் இது கண்ணுக்கே தெரியும்: பழுப்பு உருண்டையின் அடியில் மஞ்சள் மகரந்த வளையம் ஒன்று தோன்றி, நாளுக்கு நாள் மேலே ஏறும். வளையம் உச்சியைத் தொட்டுவிட்டால் அந்தத் தலையின் வேலை முடிந்தது, வெட்டிவிடலாம். அதுவரை இதழ் கொஞ்சம் தொங்கினாலும் வெட்ட வேண்டாம். தேனீக்களுக்கு அங்கே இன்னும் சாப்பாடு இருக்கிறது. ஒரு தலை வாரக்கணக்கில் நிற்பதற்கும் இந்த வரிசை மலர்ச்சிதான் காரணம்.

இவை ஏன் இவ்வளவு தாமதமாகப் பூக்கின்றன? பகல் நீளத்தைப் பார்த்துத்தான் இந்தச் செடிகள் முடிவெடுக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. ரட்பெக்கியாவின் புகழ்பெற்ற ரகமான கோல்ட்ஸ்டுர்ம் நீண்ட பகல் செடி. ஏறக்குறைய 14 மணி நேரத்துக்குக் குறையாத பகல் கிடைத்தால்தான் தண்டு எழும்பும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் அது வெறும் இலைக்கொத்தாகவே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான், உரக்குறை அல்ல. இலையுதிர்கால ஆஸ்டரும் சாமந்தியும் நேர்மாறு: பகல் குறையக் குறைய மொட்டு வைக்கும். தெருவிளக்கு இரவெல்லாம் மேலே விழும் இடத்தில் அவை தாமதமாகும், சில சமயம் மொட்டோடு நின்றுவிடும். குளிர்காலமே இல்லாத இடத்தில் இந்தக் கூட்டத்தில் நம்பி வைக்கக்கூடியது கைலார்டியா. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு குளிர்த் தூக்கம் வேண்டும்.

எதை வைப்பது?

கோல்ட்ஸ்டுர்ம் 60 முதல் 75 செ.மீ. உயரம், கறுத்த கூம்பைச் சுற்றி அடர் மஞ்சள். ஜெர்மனியில் போட்ஸ்டாம் ஊரில் நாற்றுப்பண்ணை நடத்திய கார்ல் ஃபோர்ஸ்டர் 1949இல் வெளியிட்ட ரகம். முட்டு கேட்காது, ஆண்டுக்காண்டு பரவும். பெயரோடு விற்கப்படும் செடிகளில் பல விதையிலிருந்து வந்தவை. உயரமும் பூக்கும் நாளும் முன்பின்னாக இருக்கும். ஒரே மாதிரி வேண்டுமென்றால் தாய்ச்செடியின் தூரைப் பிரித்து எடுத்த கன்று என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். ஈரம் நிறைந்த பகுதிகளில் இதற்கு இலைப்புள்ளி நோய் வரும், அங்கே அமெரிக்கன் கோல்ட் ரஷ் என்ற ரகம் மேல். ஹிர்டா வகை ரட்பெக்கியா அழகுதான், ஆனால் ஓரிரு ஆண்டு விருந்தாளி. பல்லாண்டுச் செடி என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

ஹெலேனியம் இல்லாத பாத்தியைக் கடைக்கோடைப் பாத்தி என்று சொல்லவே மனம் வராது. துருச் சிவப்பு, செம்பு, ஆரஞ்சு, மஞ்சள் என அந்த நிறங்கள் வேறு எதிலும் கிடைப்பதில்லை. 1930இல் வந்த மோர்ஹைம் பியூட்டி இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது, 90 செ.மீ. உயரம், செம்புப் பழுப்பு. இந்தக் கூட்டத்தில் அதிகம் தண்ணீர் கேட்பதும் இதுதான். மணற்பாங்கான வறண்ட மண்ணில் வைத்தால் ஜூலையிலேயே கீழ் இலைகள் காய்ந்து, தண்டு குச்சியாக நிற்கும். சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆடு மாடுகளுக்கு இது நஞ்சு. மேய்ச்சல் பக்கம் கழிவைக் கொட்டக் கூடாது.

எக்கினேசியா வேறு குணம். ஊதாநிற எக்கினேசியா வடிகால் உள்ள மண்ணில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆரஞ்சு, மஞ்சள், தக்காளிச் சிவப்பு என்று வருகிற கலப்பினங்கள் பெரும்பாலும் பாரடாக்ஸா என்ற மஞ்சள் இனத்தோடு கலந்தவை. அந்த இனம் வறண்ட, கல் நிறைந்த நிலத்தில் ஆழ வேர்விட்டு வாழ்வது. அதன் பிள்ளைகளைக் கொழுத்த ஈரக் களிமண்ணில் வைத்தால் இரண்டாம் ஆண்டு காணாமல் போவதில் ஆச்சரியம் என்ன?

பின்வரிசைக்கு லெமன் குவீன் சூரியகாந்தி: 1.8 மீட்டர், வெளிர் மஞ்சள், நூற்றுக்கணக்கில் பூ. பக்கத்துச் செடிக்கும் அதற்கும் இடையே 90 செ.மீ. விடுங்கள், இல்லையென்றால் அதுவே எடுத்துக்கொள்ளும்.

ஆஸ்டர் வாங்கப் போனால் பெயர்ப் பலகையில் குழம்பாதீர்கள். 1994இல் தாவரவியலார் வட அமெரிக்க ஆஸ்டர்களைப் பிரித்துத் தனிப் பேரினங்களில் போட்டார்கள். நியூ இங்கிலாந்து, நியூயார்க் ஆஸ்டர் இரண்டும் இப்போது சிம்ஃபியோட்ரைகம். பாத்தியில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நியூயார்க் ஆஸ்டருக்கு, இலையில் வெள்ளைப் பொடி படியும் சாம்பல் நோய் சொந்தக்காரன் மாதிரி வந்துவிடும்; நியூ இங்கிலாந்து ஆஸ்டர் அதைவிட நன்றாகத் தாங்கும். இரண்டும் வேண்டாம், ஒன்றே ஒன்று போதும் என்றால் மோன்ஷ். 1920 வாக்கில் சுவிட்சர்லாந்தில் ஃப்ரிகார்ட் என்பவர் ஐரோப்பிய ஆஸ்டரையும் இமயமலை ஆஸ்டரையும் கலந்து உண்டாக்கிய செடி இது. சாம்பல் நோயை எட்டிப் பார்க்கவிடாது, ஜூலையிலிருந்து அக்டோபர்வரை நீலஊதா டெய்சி.

நடவு

ஒரு நாளில் குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில். அதற்குக் குறைந்தால் பூ குறையும், தண்டு வெளிச்சம் தேடி ஒரு பக்கம் சாயும். மண்ணை 25 செ.மீ. ஆழம் கொத்தி, மக்கிய உரம் 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பிக் கலந்துவிட்டால் ஓர் ஆண்டுக்கு வேறு உரம் வேண்டாம். தழைச்சத்து அதிகமுள்ள ரசாயன உரத்தைக் கையில் எடுக்கவே வேண்டாம். செடி பச்சைப்பசேலென்று ஒன்றரை மடங்கு உயரும், முதல் மழையில் முழுசாகப் படுத்துவிடும். சாய்ந்த ஹெலேனியத்தின் கதை பத்துக்கு ஏழு இடத்தில் இதுதான்.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், தூரைப் பாருங்கள். தண்டின் அடியில் புதுத் துளிர் நாலைந்து இருக்க வேண்டும். ஒற்றைத் தண்டில் பெரிய பூவோடு நிற்கும் எக்கினேசியாவை ஆகஸ்டில் வாங்கி நட்டால், குளிர்காலத்தைத் தாண்ட அதனிடம் கீழே ஒன்றுமே இருக்காது. வாங்கிவிட்டீர்களா? வீடு வந்ததும் பூத்தண்டை வெட்டிவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். அந்த ஆண்டு பூவை விட்டுக்கொடுத்தால் வேர் பலமாகும்.

தொட்டியோடு தண்ணீரில் குமிழி நிற்கும்வரை முக்கி எடுத்து, சுற்றிச் சுற்றி வளர்ந்த வேரை விரலால் பிரித்துவிட்டு, தொட்டியில் இருந்த அதே மட்டத்தில் நடுங்கள். தண்டும் வேரும் சேரும் கழுத்தை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும். இடைவெளி ரட்பெக்கியா, ஹெலேனியம், எக்கினேசியாவுக்கு 45 செ.மீ., பெரிய ஆஸ்டருக்கு 60. ஒரே ரகத்தில் மூன்றோ ஐந்தோ சேர்த்து நட்டால்தான் நிறம் எடுபடும். மண்மேல் பரப்பும் மூடாக்கு 5 செ.மீ. போதும், தூரைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுவிடுங்கள். நடவுக்கு வசந்தம் நல்லது. எக்கினேசியாவுக்கும் ஐரோப்பிய ஆஸ்டருக்கும் வசந்தம் மட்டும்தான்.

தூர் பிரித்தல்

இதைச் செய்கிற தோட்டத்துக்கும் செய்யாத தோட்டத்துக்கும் வித்தியாசம் வாசலிலேயே தெரியும். ஹெலேனியமும் நியூயார்க் ஆஸ்டரும் வெளிப்பக்கமாக வளர்கிற செடிகள். மூன்றாம் ஆண்டில் நடுப்பகுதி கட்டைதட்டிச் சாகும், சுற்றிலும் மட்டும் உயிர் இருக்கும். மேலிருந்து பார்த்தால் வழுக்கைத் தலை மாதிரி. அப்போது தண்டு மெலியும், பூ சிறுக்கும், நோய் ஏறும். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

வசந்தத்தில் துளிர் 5 முதல் 10 செ.மீ. வந்ததும் தூரைச் சுற்றித் தோண்டி முழுசாக எடுங்கள். ஹெலேனியத்தைக் கையால் அசைத்தாலே சின்னச் சின்ன இலைக்கொத்தாகப் பிரிந்து வரும். ஒவ்வொன்றின் அடியிலும் சொந்தமாக ஒரு குஞ்சம் வெள்ளை வேர் தொங்கும். ஒவ்வொன்றும் தனிச் செடிதான். தடித்த ஐந்தாறு கொத்துகளை எடுத்து, ஒரு கையகலம் இடைவிட்டு வட்டமாக நட்டால் அந்த ஆண்டே ஒரு செடியாகத் தெரியும். ஆஸ்டர் தூர் இறுகிப் போயிருந்தால் இரண்டு தோட்ட ஃபோர்க்குகளை முதுகோடு முதுகு வைத்துக் குத்தி, கைப்பிடிகளை நெம்புங்கள். விளிம்பிலிருந்து 3 முதல் 5 துளிர் உள்ள துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு நடுக்கட்டையை மக்குக் குழிக்கு அனுப்புங்கள். பெரிய துண்டாக வைத்தால் சீக்கிரம் நிறையும் என்று தோன்றும். நடப்பது எதிர்மாறு, சின்னத் துண்டுதான் வேகமாகப் புதுவேர் விடும்.

ஹெலேனியம், நியூயார்க் ஆஸ்டர் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை. ரட்பெக்கியா 4. எக்கினேசியாவை விட்டுவிடுங்கள், பிரித்தால் கோபித்துக்கொள்ளும். பெருக்க வேண்டுமென்றால் விதைதான். விதையை ஈரமணலில் கலந்து குளிர்பெட்டியில் 4 வாரம் வைத்துவிட்டு 20 டிகிரிச் சூட்டில் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். கலப்பின விதை தாய் மாதிரி வராது.

நுனி வெட்டு

மே கடைசியில் செடியை மூன்றில் ஒரு பங்கோ பாதியோ வெட்டிவிடுவது. அதே சமயத்தில் லண்டனில் செல்சி மலர்க் காட்சி நடப்பதால் ஆங்கிலத் தோட்டக்காரர்கள் அதன் பெயரை இதற்கு வைத்துவிட்டார்கள். வெட்டிய தண்டு பக்கக் கிளை விடும். உயரம் குறையும், பூ அளவில் சிறியதாக ஆனால் எண்ணிக்கையில் கூடுதலாக வரும், இரண்டு முதல் நான்கு வாரம் தள்ளிப் பூக்கும். ஹெலேனியம், ஆஸ்டர், பல்லாண்டுச் சூரியகாந்தி, ஹீலியாப்சிஸ் எல்லாம் இதை நன்றாக ஏற்கும்.

முழுச் செடியையும் வெட்டுவதில் ஒரு நஷ்டம் இருக்கிறது, முதல் பூவையும் இழக்கிறோம். முன்பக்கத்துத் தண்டுகளை மட்டும் பாதிக்கு வெட்டி, பின்பக்கத்தை விட்டுவிடுவது புத்திசாலித்தனம். பின்னால் இருப்பவை முதலில் பூக்கும், அவை ஓயும் வேளையில் முன்னால் இருப்பவை தொடங்கும். கீழே வெறுங்காலாக நிற்கும் தண்டையும் மறைத்துவிடும். ஜூன் நடுவுக்குப் பிறகு வெட்டாதீர்கள், மொட்டோடு போய்விடும். வாடிக் கிடக்கும் செடியையும் இந்த ஆண்டு நட்டதையும் தொடாதீர்கள். உறைபனி செப்டம்பரிலேயே வரும் ஊரில் ஆஸ்டரை வெட்டுவது சூதாட்டம்.

முட்டு கொடுப்பதென்றால் செடி 30 செ.மீ. இருக்கும்போதே கொடுக்க வேண்டும். கிளைவிட்ட சுள்ளிகளைச் சுற்றி ஊன்றினால் செடி அதற்குள் வளர்ந்து அதை மறைத்துவிடும். சாய்ந்த பிறகு கயிற்றால் கட்டினால் கட்டுவிறகு மாதிரிதான் நிற்கும், நிமிர்ந்த செடியாக ஆகாது.

தண்ணீர் விஷயத்தில் முக்கியமான காலம் ஜூனும் ஜூலையும், மொட்டு உருவாகும் நேரம். மழை இல்லாவிட்டால் வாரத்துக்கு 25 மி.மீ., அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். தினமும் தெளிப்பதைவிட வாரம் ஒன்றிரண்டு முறை ஆழ ஊற்றுவது மேல், அதுவும் தூரில், இலைமேல் அல்ல. எக்கினேசியாவுக்கும் கைலார்டியாவுக்கும் ஓராண்டு வேரூன்றிய பிறகு இதில் பாதிகூடத் தேவைப்படாது.

எங்கே கெடுகிறது?

செடி குளிரில் செத்துவிட்டது என்று நினைக்கிற பல சமயங்களில் கொன்றது குளிர் அல்ல. ஒன்று, குளிர்கால ஈரம். தண்ணீர் தேங்கும் மண்ணில் எக்கினேசியாவின் கழுத்து அழுகிவிடும். உலர்ந்த மண்ணில் அதே செடி கடும் பனியையும் தாங்கும். களிமண்ணாக இருந்தால் பாத்தியை 15 செ.மீ. உயர்த்துவதுதான் வழி, குழிக்குள் மணல் கொட்டுவது அல்ல. களிமண்ணுக்குள் மணல்குழி ஒரு கிண்ணம்தான், சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அதில் இறங்கும். இரண்டு, நத்தை. மார்ச்சில் ஹெலேனியமும் எக்கினேசியாவும் விடும் துளிரை ஓடில்லா நத்தை இரவோடு இரவாக மண் மட்டத்துக்கு மேய்ந்துவிடும். காலையில் பார்ப்பவருக்குச் செடி முளைக்கவே இல்லை என்று தோன்றும். டார்ச் எடுத்துக்கொண்டு இருட்டிய பிறகு ஒருநாள் பாருங்கள். இரும்புப் பாஸ்பேட் குருணையைத் துளிர் தெரியும் முன்பே மெல்லியதாகத் தூவுவது பலன் தரும்.

வேர் காய்ந்து, இலைகளுக்கிடையே காற்று ஓடாமல் நின்றால் சாம்பல் நோய் வரும். மருந்து அடித்தால் வெளுத்த இலை மறுபடி பச்சையாகாது. ஏப்ரலில் துளிர் ஒரு சாண் வந்ததும் மெலிந்தவற்றைக் கிள்ளி எறிந்து, தூருக்கு ஏழெட்டுத் தண்டு மட்டும் விடுங்கள். செலவே இல்லாத வைத்தியம், யாரும் செய்வதில்லை. ரட்பெக்கியாவில் கீழ் இலையிலிருந்து மேலே ஏறும் கரும்புள்ளி வேறு பூஞ்சை, தண்ணீர்த் தெறிப்பில் பரவும். அந்த இலைகளை மட்டும் மக்குக் குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள்.

எக்கினேசியாவில் பூ பச்சையாகி, கூம்பிலிருந்து இலை மாதிரிக் கொத்து கிளம்பினால் நின்று பார்க்க வேண்டும். இரண்டு சாத்தியம். கூம்பின் மேலே ஒரு குஞ்சம் மட்டும் கோணலாக இருக்கிறது, செடியின் மற்ற பாகம் சரியாக இருக்கிறது என்றால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை. தலையை வெட்டி எறிந்தால் போதும். செடி முழுக்க இலை மஞ்சளித்து, பூவெல்லாம் பச்சையாகத் திரிந்து, தண்டு குச்சி குச்சியாக வந்தால் அது ஆஸ்டர் மஞ்சள் நோய். தத்துப்பூச்சி பரப்பும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருவது, மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அழகான ரகமாச்சே என்று தாமதித்தால் பக்கத்துச் செடிக்கும் போகும்.

அமைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டெய்சி மட்டுமே வைத்த பாத்தி ஒரு வாரத்தில் அலுத்துவிடும். எங்கே பார்த்தாலும் ஒரே வட்டம், ஒரே பொத்தான். செங்குத்தாக நிற்கும் ஏதாவது வேண்டும்: வெரோனிகாஸ்ட்ரம், பெர்சிகேரியா, நீல சால்வியா. கூடவே மிஸ்காந்தஸ், மொலீனியா மாதிரிப் புல். மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போனால் மீதி மஞ்சளுக்கு மரியாதை வரும். பாத்தி 1.5 மீட்டராவது அகலம் இருக்கட்டும், அதற்குக் குறைந்தால் 1.8 மீட்டர் சூரியகாந்தி சுவரில் சாத்திய விளக்குமாறு மாதிரி இருக்கும்.

ஆகஸ்ட் முழுக்க வாடிய தலைகளைப் பக்கக்கிளை வரை வெட்டுங்கள். ஹெலேனியம் இதற்கு உடனே பதில் சொல்லும். செப்டம்பர் நடுவில் கத்தரியை வைத்துவிடலாம். எக்கினேசியா, ரட்பெக்கியா கூம்புகளில் உள்ள விதைக்குச் சிட்டுவகைப் பறவைகள் குளிர்காலம் முழுக்க வரும். நியூ இங்கிலாந்து ஆஸ்டரை மட்டும் விதை கட்டும் முன் வெட்டுவது நல்லது, இல்லையென்றால் அடுத்த ஆண்டு வேண்டாத நிறத்தில் நூறு நாற்று. மற்றத் தண்டுகளை பிப்ரவரிக் கடைசியில், துளிர் தலைகாட்டும் முன், 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அடிவரை வெட்டினால் தூர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மார்ச்சில் அதன்மேலேயே கால் வைத்துவிடுவோம்.